‘பிக்வீத்’ என்றால் கொடுப்பது இல்லை

ஆங்கிலத்தில் ‘பிக்வீத்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பேச்சில் அதிகம் வராது. வழக்கறிஞர் தயாரித்துத் தரும் உயிலிலும், இறந்துபோன ஒருவர் அறநிறுவனத்துக்குப் பெரிய தொகை விட்டுச்சென்றதாக வரும் நாளிதழ்ச் செய்தியிலும் தலைகாட்டும். அரிதாக வருவதாலேயே ஆளுக்கு ஒரு மாதிரி அதைப் புரிந்துவைத்திருக்கிறோம். ‘கிவ்’ என்பதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்வதுதான் ‘பிக்வீத்’ என்று நினைப்பவர்கள் நிறைய. “மாமா ஊருக்குத் திரும்பும்போது தன் காரை எனக்கு பிக்வீத் செய்தார்” என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினால், படிப்பவர் மாமா காலமாகிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இது மொழிப் பிழை, திருத்திக்கொள்ளலாம். இன்னொரு தவறான புரிதல் இருக்கிறது, அது குடும்பத்தையே அலைக்கழிக்கும். உயிலில் இந்தச் சொல்லைப் போட்டு எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் தன்னிடம் இருப்பது எல்லாமே அதன்படி போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது. சிங்கப்பூரில் நம்மில் பலருக்கு இருக்கும் பெரிய சொத்துகள் இரண்டு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மத்திய சேம நிதியில் (மசேநி) இருக்கும் பணம். மசேநி பணம் இந்தச் சொல்லுக்குக் கட்டுப்படவே கட்டுப்படாது. வீடு பல குடும்பங்களில் கட்டுப்படாது. ஏன் என்று கேட்டால் பதில் அந்தச் சொல்லின் பொருளிலேயே இருக்கிறது. அதனால் சொல்லில் இருந்தே தொடங்குவோம்.

பொருள் என்ன?

தனக்குச் சொந்தமான ஒன்று, தன் இறப்புக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று உயில் மூலமாக அறிவிப்பதே ‘பிக்வீத்’. இந்த விளக்கத்தில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. பொருள் தன்னுடையதாக இருக்க வேண்டும். கைமாறுவது இறப்புக்குப் பிறகுதான். வழி, உயில். இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் அங்கே நடப்பது வேறு ஏதோ ஒன்று.

பின்தேதி போட்ட காசோலையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டீர்கள், கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனாலும் அந்தத் தேதி வரும்வரை பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்துச் செலவழிக்கலாம். மனம் மாறினால் காசோலையை நிறுத்திவைக்கலாம். தேதி வரும் நாளில் கணக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. உயிலும் இப்படித்தான் வேலை செய்கிறது, அதில் குறித்திருக்கும் தேதி யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

ஓர் அம்மா தன் கல் அட்டிகையை மூத்த மகளுக்கு என்று உயிலில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகள் கழித்துப் பேரன் படிப்புக்காக அந்த அட்டிகையை விற்றுவிடுகிறார். உயிலைத் திருத்தவில்லை. அவர் இறந்தபின் மூத்த மகளுக்கு அட்டிகையும் கிடையாது, அதன் விலையும் கிடையாது. இறந்த அன்று அம்மாவிடம் அட்டிகை இல்லை, அவ்வளவுதான். மகள் தங்கையிடம் ஈடு கேட்க முடியாது. அம்மா ஏமாற்றியதாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் உயிரோடு இருக்கும்வரை அது அவருடைய நகை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அனைத்துக்கும் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘எஸ்டேட்’. அதிலிருந்து முதலில் இறுதிச்சடங்குச் செலவும் கடன்களும் கழியும். மிச்சம் இருப்பதுதான் பயனாளிகளுக்கு, அதாவது உயிலில் பெயர் உள்ளவர்களுக்குப் போகும். இந்த வேலையை எல்லாம் செய்து முடிக்கும் பொறுப்பாளரை ‘எக்ஸிகியூட்டர்’ என்பார்கள், நிறைவேற்றுநர். நிறைவேற்றுநராகப் பெயர் எழுதப்பட்டிருப்பதால் மட்டுமே சொத்து அவருக்கு என்று ஆகிவிடாது. அது ஒரு பொறுப்பு. குடும்பங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது: “அண்ணன் பெயர்தானே எழுதியிருக்கிறது, அப்போ எல்லாம் அண்ணனுக்கா?” அண்ணன் பெயர் எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ‘பிக்வீத்’ என்பது இன்று எழுதி, இறந்த பிறகு நடைமுறைக்கு வரும் ஓர் அறிவிப்பு. அதுவரை அது யாருக்கும் எந்த உரிமையும் தருவதில்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘க்வெதன்’ என்று ஒரு வினை இருந்தது. பொருள், ‘சொல்’. பழைய ஆங்கிலக் கவிதைகளில் ‘சொன்னான்’ என்ற பொருளில் வரும் ‘க்வோத்’ அந்த வினையின் இறந்தகால வடிவம். ‘பி’ என்ற முன்னொட்டு, ஒன்றைக் குறித்து என்ற பொருளைச் சேர்க்கும். ‘மோன்’ என்றால் முனகுவது, ‘பிமோன்’ என்றால் ஒன்றைக் குறித்துப் புலம்புவது. அதே மாதிரி ‘பிக்வெதன்’ என்றால் ஒன்றைக் குறித்துச் சொல்வது, அறிவிப்பது. நம் ‘பிக்வீத்’ இதிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் அதற்குப் பொதுவாக ‘எடுத்துச் சொல்’, ‘அறிவி’ என்ற பொருள்களும் இருந்தன. காலப்போக்கில் அவை எல்லாம் உதிர்ந்து, சொத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது என்ற ஒன்று மட்டும் தங்கியது. உயில் எழுதுகிறவர்கள் பழைய வாசகங்களை மாற்றாமல் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்ததே அது பிழைத்ததற்குக் காரணம்.

ஆக, இந்தச் சொல்லின் வேரில் கொடுப்பது இல்லை, எழுதுவதும் இல்லை. வாயால் சொல்வது இருக்கிறது. ஏன் அப்படி? அந்தக் காலத்தில் சொல்வதுதான் செயலாக இருந்தது. உயிலுக்கே பழைய ஆங்கிலத்தில் ‘க்விடெ’ என்ற பெயர் உண்டு, அதற்கும் ‘சொன்னது’ என்றுதான் அர்த்தம்.

இதை நேரில் காட்டுவதுபோல ஒரு பதிவு கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட்ஷயர் வட்டாரம், 1016 முதல் 1035 வரை ஆண்ட கன்யூட் அரசரின் காலம். வட்டார சபை கூடியிருக்கிறது. எட்வின் என்பவர் எழுந்து, ஒரு நிலத்தைக் கேட்டுத் தன் சொந்தத் தாய்மீதே வழக்குத் தொடுக்கிறார். அம்மா சார்பில் யார் பேசுவது என்று சபை கேட்கிறது. தர்கில் என்பவர், விவரம் தெரிந்தால் நான் பேசுகிறேன் என்கிறார். விவரம் கேட்டுவர மூன்று நிலக்கிழார்களைத் தாயின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு மகன்மீது கடும் கோபம். அவனுக்குச் சேர வேண்டிய நிலம் எதுவும் என்னிடம் இல்லை என்கிறார். பிறகு தன் உறவுக்காரப் பெண் லியோஃப்லெட்டைக் கூப்பிட்டு எதிரே வைத்துக்கொண்டு, தன் நிலம், பொன், துணிமணி, தனக்கு உள்ள அத்தனையும் தன் காலத்துக்குப் பிறகு இவளுக்கு என்று வந்தவர்கள் முன்னால் சொல்கிறார். லியோஃப்லெட், தர்கிலின் மனைவி. சொந்த மகனுக்கு எதுவும் இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். நான் சொன்னதைச் சபையில் அப்படியே சொல்லுங்கள், நல்லவர்கள் எல்லாரும் இதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறார். அவர்கள் திரும்பிப் போய்ச் சொன்னார்கள், சபை ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம்தான் தர்கில் ஹெரிஃபர்ட் தேவாலயத்துக்குக் குதிரையில் போய், அங்கிருந்த நற்செய்தி நூலின் வெற்றிடத்தில் இதையெல்லாம் எழுதிவைக்கச் செய்தார்.

வரிசையைக் கவனியுங்கள். அந்த அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னார், அதோடு விஷயம் முடிந்தது. எழுத்து பின்னால் வந்த நினைவுக்குறிப்பு மட்டும். ‘பிக்வீத்’ பிறந்த உலகம் அதுதான். அந்த அம்மாவின் பெயரைப் பதிவு எழுதியவர் குறிக்காமல் விட்டிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

தமிழில் நாம் இதே விஷயத்தை எழுத்தைக் கொண்டு சொல்கிறோம். “வீட்டை மகள் பெயருக்கு எழுதி வைத்தார்” என்போம். உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தந்தால் “எழுதிக் கொடுத்தார்” என்போம். பேச்சில் இரண்டும் கலந்துவிடும் என்றாலும், ‘வை’, ‘கொடு’ என்ற துணைவினைகளில் சட்டம் பார்க்கும் வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘உயில்’ என்ற பெயர்ச்சொல்தான் ஆங்கில ‘வில்’லில் இருந்து வந்தது.

சொன்னது போதாது என்று எப்போது ஆனது?

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் நிலம் பற்றிய சட்டம் மாறியது. நிலத்தை உயில் மூலம் விட்டுச்செல்வதை அரசு நீதிமன்றங்கள் நாளடைவில் ஏற்க மறுத்தன, அது வாரிசு முறைப்படியே இறங்கியது. பொன், மாடு, பாத்திரம் போன்ற அசையும் பொருள்கள் பற்றிய உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் பார்த்துக்கொண்டன. எட்டாம் ஹென்றி காலத்தில், 1540இல் வந்த சட்டம்தான் பெரும்பாலான நிலத்தை உயில் எழுதி விட்டுச்செல்ல வழி திறந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1677. பொய்ச்சாட்சிகளைக் கூட்டிவந்து, செத்தவர் என்னிடம்தான் சொன்னார் என்று சொத்தை அடிக்கும் மோசடிகள் பெருகியிருந்தன. செத்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாதே. அதனால் நிலம் பற்றிய உயில் எழுத்தில் இருந்து, சாட்சிகளும் அதில் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அசையும் பொருளாக இருந்தாலும், 30 பவுண்டுக்கு மேல் என்றால் வாய்மொழி உயிலை நிரூபிக்க மூன்று சாட்சிகள் வேண்டும் என்றாயிற்று. பிறகு 1837இல் இங்கிலாந்தின் உயில் சட்டம், போர்க்களச் சிப்பாய்க்கும் கடலில் இருக்கும் மாலுமிக்கும் மட்டும் விலக்கு கொடுத்துவிட்டு வாய்மொழி உயிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அடுத்த ஆண்டே, 1838இல், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு கல்கத்தாவில் இருந்தபடி அதே மாதிரி ஒரு சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூர் அப்போது கம்பெனி ஆட்சியின்கீழ் இருந்த நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. இன்றைக்கும் சிங்கப்பூரின் உயில் சட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரில் 1838 என்ற ஆண்டு ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். நம் வினைச்சொல் அதன் 3ஆம் பிரிவிலேயே வருகிறது: ஒருவர் தன் சொத்தை உயிலால் ‘டிவைஸ், பிக்வீத் ஆர் டிஸ்போஸ்’ செய்யலாம் என்று.

சிப்பாய், மாலுமி விலக்கும் இங்கே இன்னும் இருக்கிறது. சாதாரண நாளில், மருத்துவமனைப் படுக்கையில் பிள்ளைகள் சூழ நிற்க “வீடு சின்னவளுக்கு” என்று அப்பா சொல்வது எத்தனை பேர் காதில் விழுந்தாலும் உயில் ஆகாது. சொல்வது என்று பொருள்படும் வினைக்குச் சொன்னால் போதாது என்று சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தில் அப்பா சொன்னதை மதித்து நடப்பது பிள்ளைகளின் பண்பு. ஆனால் அது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது, யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கூடப் பிறந்த சொற்கள்

‘பிக்வெஸ்ட்’ என்பது இதன் பெயர்ச்சொல், உயில் மூலம் விட்டுச்செல்லப்பட்ட பொருள். ‘லெகஸி’ என்பதும் சட்டத்தில் கிட்டத்தட்ட அதேதான், பேச்சில் மட்டும் ‘மரபு’, ‘பெயர்’ என்று விரிந்துவிட்டது. ‘இன்ஹெரிட்’ எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கும் சொல்: விட்டுச்செல்கிறவர் பிக்வீத் செய்கிறார், பெறுகிறவர் இன்ஹெரிட் செய்கிறார். ஆனால் உயிலே இல்லாமலும் இன்ஹெரிட் செய்யலாம், சட்டப்படி வாரிசுக்குப் போவதும் அந்தச் சொல்லில் அடங்கும். உயில் இல்லாமல் பிக்வீத் என்ற பேச்சே இல்லை.

உயில்களில் “ஐ கிவ், டிவைஸ் அண்ட் பிக்வீத்” என்று மூன்று வினைகள் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘டிவைஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது, நிலபுலனுக்கு. ‘பிக்வீத்’ ஆங்கில மண்ணின் சொல், அசையும் பொருளுக்கு. சட்டத்தின் மொழியாகப் பிரெஞ்சு கோலோச்சிய காலத்தில் இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்து, பிறகு ஓசைக்காகவும் நிலைத்துவிட்டது. இன்று இந்தப் பாகுபாடு பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. வீட்டுக்கு ‘பிக்வீத்’ என்று எழுதிவிட்டோமே, உயில் செல்லாதோ என்று பயப்பட வேண்டாம். எழுதியவரின் எண்ணம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். எளிமையாக ‘கிவ்’ என்று மட்டும் எழுதினாலும் போதும், அதையே நான் விரும்புவேன்.

சிங்கப்பூரில் எதை பிக்வீத் செய்ய முடியாது?

முதல் நிபந்தனைக்குத் திரும்புவோம்: பொருள் தன்னுடையதாக இருக்க வேண்டும். இறக்கும் நொடியில், எஸ்டேட்டுக்குள் வந்து விழுவதாக இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஊரில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

மசேநி பணத்தை எடுத்துக்கொள்வோம். அது எஸ்டேட்டுக்குள் வருவதே இல்லை. பணம் யாருக்கு என்று மசேநி கழகத்திடம் முறைப்படி நியமனம் செய்திருந்தால், நியமனத்தில் பெயர் உள்ளவருக்கு நேராகப் போய்விடும். உயிலில் எத்தனை அழகான ஆங்கிலத்தில் “என் மசேநி சேமிப்பு முழுவதையும் என் தங்கைக்கு பிக்வீத் செய்கிறேன்” என்று எழுதினாலும் அந்த வரி வேலை செய்யாது. நியமனம் செய்யாமல் இறந்தால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரிக்கப்படும், அதற்குக் கட்டணமும் பிடிப்பார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. எஸ்டேட்டுக்கு வெளியே இருப்பதால் இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மசேநி பணத்தில் கைவைக்க முடியாது.

திருமணம் செய்துகொண்டால் பழைய மசேநி நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். விவாகரத்து ஆனால் ரத்தாகாது. இந்த இரண்டாவது பாதியைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்து பல ஆண்டுகள் ஆன முன்னாள் துணைக்கு முழுப்பணமும் சட்டப்படியே போய்ச் சேர இது வழிவிடுகிறது, கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு அப்போது ஒன்றும் கிடைக்காது.

அடுத்து வீடு. தம்பதியர் வீவக வீடு வாங்கும்போது வழக்கமாக எடுக்கும் உரிமைமுறை ‘ஜாயின்ட் டெனன்சி’, கூட்டு உரிமை. இதில் இருவருக்கும் தனித்தனிப் பங்கு கிடையாது, இருவரும் சேர்ந்து முழு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் தானாகவே முழு உரிமையாளர். இறந்தவருக்கு விட்டுச்செல்லப் பங்கு என்று ஒன்று இருந்தால்தானே உயிலில் எழுதியது செல்லும்? ‘டெனன்சி இன் காமன்’ என்ற மற்ற முறையில் 50, 50 என்றோ 70, 30 என்றோ பங்கு பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பங்கை உயிலில் எழுதலாம். அப்படி எழுதினாலும், பெறுகிறவர் வீவக வீடு வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு வீடு இருந்தால் சிக்கல் வரும், சில நேரம் விற்றுப் பணமாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். உங்கள் வீடு எந்த முறையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உயில் எழுதுவதற்கு முன் அதை முதலில் பாருங்கள்.

காப்புறுதியும் இதே மாதிரிதான். பாலிசியில் முறையான நியமனம் இருந்தால் அந்த வழியில் போகும், இல்லையென்றால் எஸ்டேட்டுக்குள் வரும்.

அப்படியானால் உயிலுக்கு என்னதான் மிச்சம்? தனிப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, பங்குகள், நகை, கார், தனிப் பெயரில் உள்ள வீடு அல்லது பிரித்து வைத்த பங்கு, கடைத்தொழிலில் உள்ள முதலீடு. இவை சிறியவை இல்லை. ஆனால் உயில் ஒன்று எழுதிவிட்டேன், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. உயில், மசேநி நியமனம், வீட்டு உரிமைமுறை மூன்றையும் ஒரே நாளில் மேசைமீது பரப்பிவைத்துப் பார்த்தால்தான் யாருக்கு என்ன போகிறது என்ற முழுப்படமும் தெரியும்.

உயில் செல்ல என்ன வேண்டும்?

எழுதுகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இறுதியில் அவர் கையெழுத்து வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து அவர் கையெழுத்திடுவதைப் பார்த்து, பிறகு அவர் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். ஹெரிஃபர்ட்ஷயர் அம்மாவின் வீட்டுக்குப் போன மூவரின் வேலையைத்தான் இந்த இருவரும் செய்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போடுபவரோ, அவர் கணவரோ மனைவியோ உயிலில் பயனாளியாக இருந்தால், உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. அம்மா மகளுக்கு நகை எழுதுகிறார், பக்கத்தில் இருந்த மருமகனைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அந்த ஒரு கையெழுத்தால் மகளுக்கு நகை இல்லை. வீட்டு ஆளையே சாட்சி வைப்பது நமக்கு இயல்பாகத் தோன்றும் விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரையோ அலுவலக நண்பரையோ கூப்பிடுங்கள்.

மசேநி நியமனம் போலவே உயிலும் திருமணத்தால் ரத்தாகும், குறிப்பிட்ட திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக உயிலிலேயே சொல்லியிருந்தால் தவிர. விவாகரத்தால் ரத்தாகாது.

எதுவும் எழுதாமல் போனால்?

அப்போது 1967ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். துணையும் பிள்ளைகளும் இருந்தால் பாதி துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளை இல்லை, பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் பாதி துணைக்கு, பாதி பெற்றோருக்கு. முதல் வரியில் பெற்றோர் இல்லாததைக் கவனித்தீர்களா? துணையும் பிள்ளையும் உள்ள ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பளத்தை நம்பியிருந்த வயதான அப்பா அம்மாவுக்கு இந்தச் சட்டப்படி எதுவும் வராது. மாதாமாதம் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிற மகனோ மகளோ உயில் எழுத இது ஒன்றே போதுமான காரணம்.

முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சொத்து ஃபராயித் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரிக்கப்படும். வசிய்யத் என்ற இஸ்லாமிய உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குவரை, ஃபராயித் வாரிசுகள் அல்லாதவர்களுக்கு விட்டுச்செல்லலாம். ஆகவே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் ‘பிக்வீத்’ என்ற சொல் எட்டும் தூரம் அந்த மூன்றில் ஒன்றுதான்.

ஊரில் இருந்து வரும் அறிவுரை

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். உயில் பற்றித் தமிழில் நமக்கு வந்து சேரும் காணொளிகளும் வாட்ஸ்அப் செய்திகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வருபவை. அங்கே அவை சரியாகவே இருக்கும். இங்கே பொருந்தாமல் போகலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிங்கப்பூரில் இருந்தே ஆக வேண்டும். அங்கே இந்து ஒருவர் எழுதிய உயில் அவர் திருமணத்தால் ரத்தாவதில்லை. இங்கே ரத்தாகிவிடும். “சித்தப்பா அப்படித்தான் எழுதினார், ஒன்றும் ஆகவில்லை” என்று ஊரில் இருந்து சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் வேறு சட்டத்தைச் சொல்கிறார்.

தஞ்சாவூர்ப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ உங்கள் பெயரில் நிலமோ வீடோ இருந்தால், அந்த அசையாச் சொத்துக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். பூர்வீகச் சொத்து என்றால் அதில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும், மீண்டும் அதே முதல் நிபந்தனை. அதனால் பலர் இங்கே ஓர் உயிலும் அங்கே ஓர் உயிலுமாக எழுதுகிறார்கள், அது நல்ல ஏற்பாடுதான். ஒரு வரியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயில்கள் வழக்கமாக “இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் ரத்துசெய்கிறேன்” என்று தொடங்கும். ஊருக்குப் போயிருக்கும்போது அங்குள்ள வழக்கறிஞர் தயாரித்த உயிலில் அந்த வரி அப்படியே இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், சிங்கப்பூரில் கவனமாக எழுதிவைத்த உயிலும் சேர்ந்து ரத்தாகிவிடக்கூடும். “இந்தியாவில் உள்ள சொத்துகள் தொடர்பாக முன்பு எழுதிய உயில்களை மட்டும்” என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டு வழக்கறிஞர்களிடமும் மற்ற உயிலின் பிரதியைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.